எந்த நாட்டுக் கார் நன்றாக உழைக்கும்?

கார் வாங்கப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும், நாட்டின் பேரைச் சொல்லித்தான் யோசனை வரும். “கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் வண்டி வாங்கு.” “ஜெர்மன் வண்டி கெட்டி, ஆனால் செலவு வைக்கும்.” “கொரியா வண்டி பார்க்க நன்றாக இருக்கும், பத்து வருஷம் தாங்குமா என்பது சந்தேகம்.” “சீன வண்டி பக்கமே போகாதே.” இவற்றில் எதுவும் வெறும் கட்டுக்கதை இல்லை. ஏதோ ஒரு காலத்தில் சில மாடல்களை ஓட்டி அனுபவப்பட்டவர்கள் சரியாகச் சொன்னதுதான். ஆனால் அந்த மாடல்கள் நின்றுபோய், தொழிற்சாலைகள் வேறு கண்டத்துக்குப் போய், கம்பெனிகள் கைமாறிய பிறகும் அதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் முறையாக இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்காக இந்தக் கட்டுரை. நாட்டுக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு கம்பெனி எப்படி வடிவமைக்கிறது, தொழிற்சாலையில் எப்படி வேலை நடக்கிறது என்ற பழக்கம்தான் அந்தக் காரணம். அந்தப் பழக்கம் நாடு விட்டு நாடு போகும். ஒரே நாட்டுக்குள் ஒரு கம்பெனியில் இருக்கும், பக்கத்துக் கம்பெனியில் இருக்காது. இருந்த இடத்திலேயே கெட்டும் போகும்.

ஒரு காருக்கு எத்தனை நாடு?

முதலில் “ஜப்பான் கார்” என்றால் எது என்று பார்ப்போம். டொயோட்டா ஜி.ஆர். சுப்ரா 2019-ல் வந்தது. பெயர் ஜப்பானியப் பெயர், முத்திரை டொயோட்டா முத்திரை. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பி.எம்.டபிள்யூ எஞ்சின். ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸ் இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனியுடையது. வண்டியைக் கோர்த்து முடித்தது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில், மாக்னா ஸ்டையர் என்ற ஒப்பந்தத் தயாரிப்பாளர். இந்த வண்டியில் எஞ்சின் பழுதானால் எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

சுப்ரா கொஞ்சம் விசேஷமான வண்டிதான். ஆனால் சாதாரணமாகத் தெருவில் ஓடும் வண்டிகளின் நிலைமையும் பெரிதாக வேறில்லை. ஜெர்மன் பெருமையின் அடையாளமாகப் பலர் பார்க்கும் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலையில் உருவாகிறது. ஹோண்டா 1982-லிருந்தே ஒஹாயோவில் கார் தயாரிக்கிறது. நிஸான் 1986-லிருந்து இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் தயாரிக்கிறது. ஸ்வீடனின் வோல்வோ 2010-லிருந்து சீனாவின் ஜீலி வசம். பிரிட்டனின் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008-லிருந்து டாடா வசம்.

ஆக ஒரு காரின் “நாடு” என்பதில் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. யாருடைய பிராண்ட், எங்கே வடிவமைத்தார்கள், பாகங்கள் எங்கிருந்து வந்தன, எங்கே கோர்த்தார்கள்? டொயோட்டா சொல்லும் கணக்குப்படி, சின்னத் திருகு வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். பிரேக் கட்டுப்பாடும் எரிபொருள் செலுத்தியும் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியுடையதாக இருக்கலாம், ஏசி ஜப்பானின் டென்ஸோவுடையதாக இருக்கலாம், விளக்கு பிரான்ஸின் வாலேயோவுடையதாக இருக்கலாம். ஜெர்மன், ஜப்பான், கொரியா, அமெரிக்கா என்று எந்த பிராண்டைப் பிரித்துப் பார்த்தாலும் இதே சில பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

உங்கள் வண்டி எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் ஓரத்திலும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தகட்டிலும் 17 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு தொடர் இருக்கும். இதுதான் வின் எண். பேச்சில் சேசிஸ் நம்பர் என்போம். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பாமல் இருக்க ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்த மாட்டார்கள். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, எல் என்றால் சீனா. 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனிகள் பல, வண்டியை எங்கே கோர்த்தாலும் தங்கள் தாய்நாட்டு எழுத்தையே போடுகின்றன. போர்ஷே கயென் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் தயாராகிறது, ஆனாலும் அதன் வின் எண் டபிள்யூவில்தான் தொடங்கும். அதனால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல் பதினோராவது இடத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அந்த இடத்தில்தான் தொழிற்சாலைக் குறியைப் போடுகின்றன. எந்த எழுத்து எந்த ஊர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தேடினால் கிடைக்கும்.

தரமாகத் தெரிவதும் கைவிடாமல் ஓடுவதும்

ஷோரூமில் கதவைச் சாத்துகிறோம், கனமான ஒரு ‘தப்’ கேட்கிறது. டாஷ்போர்டை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறது. இதெல்லாம் தரத்தின் அடையாளங்கள்தான், நியாயமான அடையாளங்களும்கூட. காலையில் ஸ்டார்ட் ஆகுமா, நெடுஞ்சாலையில் நின்றுவிடுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எஞ்சின் திறக்காமல் ஓடுமா என்பது மூன்றாவது. ஒன்றில் தேறிய வண்டி மற்றதில் தேறும் என்று உறுதி கிடையாது.

மெத்தென்ற பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கார்கள் சிலவற்றின் சுவிட்சுகளுக்கும் கைப்பிடிகளுக்கும் ரப்பர் போன்ற ஒரு பூச்சு கொடுத்தார்கள். ஷோரூமில் தொட்டுப் பார்த்தால் ஆசையாக இருக்கும். பத்து, பதினைந்து வருஷம் கழித்து அதே பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, நகம் பட்ட இடத்திலெல்லாம் உரிந்து வரும். அதே காலத்து ஜப்பானியச் சின்னக் கார்களின் சுவிட்சுகள் வெறும் கடினப் பிளாஸ்டிக். தட்டினால் டொக் டொக் என்று மலிவாகக் கேட்கும், ஆனால் இன்றும் அப்படியே இருக்கும். புதிதில் எது தரமாகத் தெரிந்தது, பழசானதும் எது தரமாக நின்றது என்று இந்த ஒரு சுவிட்சிலேயே பார்க்கலாம்.

ஃப்ரீமான்ட்டில் நடந்தது

நாடு முக்கியமா, பழக்கம் முக்கியமா என்ற கேள்விக்கு கார் உலகத்தில் ஒரு நல்ல சோதனை தற்செயலாகவே நடந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பெனியின் மோசமான தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று என்று பேர் எடுத்திருந்தது. வேலைக்கு வராமல் போகிறவர்கள் ஏராளம், தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. அங்கே எழுதாத விதி ஒன்று இருந்தது. என்ன ஆனாலும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை, ஒரு பாகம் தப்பாகப் பொருந்திவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். கடைசியில் முற்றத்தில் நிறுத்தி, பிரித்து, சரிசெய்து அனுப்புவார்கள். 1982-ல் ஜி.எம். அதை மூடியது.

இரண்டே வருஷத்தில் அதே கட்டடம் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து நடத்தும் நும்மி என்ற கூட்டு நிறுவனமாகத் திறந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள்தான், தொழிற்சங்கமும் அதே சங்கம்தான். நடத்தும் முறை மட்டும் டொயோட்டாவுடையது. தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை பழக வைத்தார்கள்.

அவர்கள் பழகிக்கொண்டு வந்தவற்றில் முக்கியமானது ஒரு கயிறு. ஆண்டான் கயிறு என்பார்கள். லைன் நெடுகிலும் தலைக்கு மேலே ஓடும். தன் இடத்துக்கு வந்த வண்டியில் ஏதாவது கோளாறு பட்டால் தொழிலாளி கயிற்றை இழுப்பார். பலகையில் அந்த இடத்தின் எண்ணில் விளக்கு எரியும், மெட்டு ஒன்று ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் லைன் நிற்கும். இழுத்ததற்காக யாரையும் திட்ட மாட்டார்கள், என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று கேட்பார்கள். கோளாறோடு ஒரு வண்டியைக்கூட அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் இதன் கரு. டொயோட்டா குடும்பத்துக்கு இந்த யோசனை கார் தொழிலுக்கு முன்பே இருந்தது. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைக் கண்டுபிடித்தவர் சகிச்சி டொயோடா.

நும்மியில் முதலில் ஷெவ்ரலே நோவா என்ற கார் தயாரானது, பிற்பாடு டொயோட்டா கொரோலாவும். சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கே தயாரான வண்டிகளின் தரம் ஜப்பானில் தயாராகும் வண்டிகளுக்குச் சமமாக வந்துவிட்டது. ஆட்கள், கட்டடம், நாடு எதுவும் மாறவில்லை. ஆனால் இதே பாடத்தைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக ஜி.எம். பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. கயிற்றைக் கட்டுவது சுலபம். அதை இழுத்தவனைத் திட்டாமல் இருக்க மேலாளர்களைப் பழக்குவதுதான் கஷ்டமான காரியம். 2010-ல் நும்மி மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் தயாரிக்கிறது.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1970-களில் பிரிட்டிஷ் லேலண்டின் வேலைநிறுத்தங்களும் அரைகுறையாகக் கோர்த்த வண்டிகளும் பேர்போனவை, “பிரிட்டிஷ் கார்” என்றாலே சிரித்தார்கள். அடுத்த பத்தாண்டுகளிலேயே சண்டர்லாந்தில் நிஸான் தொழிற்சாலை வந்து, ஐரோப்பாவின் முன்னணித் தொழிற்சாலைகளில் ஒன்றாகப் பேர் வாங்கியது.

ஜப்பானுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது?

ஜப்பான் கார்கள் பிறக்கும்போதே நல்ல பேரோடு பிறக்கவில்லை. 1950-களின் கடைசியில் டொயோட்டா தன் டொயோபெட் கிரவுன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அங்குள்ள நீண்ட நெடுஞ்சாலைகளில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் எஞ்சின் சூடேறியது, ஏற்றத்தில் திணறியது. டொயோட்டா அந்தக் காரை அங்கே விற்பதை நிறுத்திவிட்டது. திரும்பப் போய் வேலை செய்து, 1960-களின் நடுவில் கொரோனா என்ற காரோடு மறுபடி வந்து காலூன்றியது. இதற்கு முன்பே, 1950-ல், டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்திருந்தார். 1951-லிருந்து அவர் பெயரில் விருதே கொடுத்து வருகிறார்கள். அமெரிக்கரின் பாடத்தை அமெரிக்கக் கம்பெனிகளைவிட ஜப்பானியர்கள் அக்கறையாகக் கேட்டார்கள்.

இன்றைக்கும் பெரும்பாலான நம்பகக் கணக்கெடுப்புகளில் டொயோட்டாவும் அதன் லெக்ஸஸும் மேலே இருப்பதற்குத் தொழிற்சாலை ஒழுங்கு மட்டும் காரணமில்லை. புதுத் தொழில்நுட்பத்தில் அவர்கள் அவசரப்படுவதில்லை. மற்றவர்கள் சின்ன டர்போ எஞ்சினுக்கு (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் சக்தி எடுக்கும் எஞ்சின்) தாவியபோது டர்போ இல்லாத எஞ்சினையே பல வருஷம் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ஹைபிரிட் வண்டிகளில் சாதாரண கியர்பாக்ஸுக்குப் பதிலாக இருப்பது மின் மோட்டார்களோடு இணைந்த ஒரு கோள் பல்சக்கர அமைப்பு. அதில் தேய்ந்துபோக கிளட்ச் தட்டு இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. இல்லாத பாகம் பழுதாகாது.

ஆனால் இதை “ஜப்பான்” என்று மொத்தமாக நீட்டக் கூடாது. நிஸானின் சிவிடி கியர்பாக்ஸ்கள் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வகை) பல வருஷமாகக் கெட்ட பேர் சுமந்தவை. சுபாருவின் 2.5 லிட்டர் எஞ்சின்கள் ஒரு தலைமுறை முழுக்க ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) கசிவுக்குப் பேர்போனவை. இரண்டும் ஜப்பான்தான்.

ஜெர்மன் வண்டி ஏன் செலவு வைக்கிறது?

இதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1976-ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசை சுமார் 27 லட்சம் வண்டிகள் விற்றது. அதன் டீசல் வண்டிகள் உலகம் முழுக்க டாக்ஸியாக ஓடி, பல லட்சம் கிலோமீட்டர் கடந்தன. “ஜெர்மன் வண்டி கெட்டி” என்ற பேச்சுக்கு அந்த மாதிரி வண்டிகள்தான் அடித்தளம். அவை மெதுவானவை, எளிமையானவை, தேவைக்கு அதிகமாகவே பருமனான பாகங்கள் கொண்டவை.

இன்றைய ஜெர்மன் சொகுசுக் கார் அந்த வண்டியின் வாரிசு என்று பெயரளவில்தான் சொல்லலாம். டர்போ, காற்று சஸ்பென்ஷன், பத்துக் கணக்கில் கட்டுப்பாட்டுக் கணினிகள், எடை குறைக்க பிளாஸ்டிக்கில் செய்த கூலண்ட் குழாய்கள் என்று நிரம்பியிருக்கிறது. செய்யும் வேலையை அற்புதமாகவே செய்கிறது. ஆனால் பாகங்கள் கூடக்கூட, பழுதாகும் இடங்களும் கூடத்தானே செய்யும்? அதோடு, ஜெர்மனியில் புதிதாகப் பதிவாகும் கார்களில் பாதிக்கு மேல் கம்பெனிகளின் பெயரில் பதிவாகின்றன. சில வருஷம் ஓட்டிவிட்டுக் கைமாற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு முதல் சில வருஷப் பராமரிப்புச் செலவு குறைவாக இருப்பதுதான் முக்கியம். 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்ற திட்டங்கள் அந்தச் சந்தைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்ட நினைக்கும் இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். என் யோசனை, ஜெர்மன் வண்டியை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

கெட்டியான ஜெர்மன் பாகங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பல நாட்டு பிராண்டுகளில் ஓடுகிறது, எங்கே போனாலும் நல்ல பேர்தான் எடுக்கிறது.

கொரியாவும் ஓர் உலோகத் துகளும்

ஹூண்டாய் 1986-ல் எக்ஸெல் என்ற சின்னக் காரோடு அமெரிக்காவில் நுழைந்தது. விலை குறைவு என்பதால் முதல் வருஷமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு அந்த வண்டிகள் பழுதாகத் தொடங்க, கம்பெனியின் பேரே கேலிக்குரியதானது. 1998-ல் ஹூண்டாய் துணிந்து ஒரு காரியம் செய்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி தருவதாக அமெரிக்காவில் அறிவித்தது. இதை வெறும் விளம்பரமாக நான் பார்ப்பதில்லை. அப்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால், மோசமான ஒவ்வொரு எஞ்சினுக்கும் கம்பெனியே பணம் கட்ட வேண்டும். அதனால் உள்ளே வடிவமைப்பவரிலிருந்து பாகம் சப்ளை செய்பவர் வரை எல்லாரும் திருந்தித்தான் ஆக வேண்டும். 2004-ல் ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நடத்திய புதுக் கார் தரக் கணக்கெடுப்பில் ஹூண்டாய் ஹோண்டாவோடு சமநிலையில் நின்றது.

அதோடு கதை முடியவில்லை. 2015-லிருந்து அதே ஹூண்டாயின் தீட்டா வகை எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் பெரிய ரீகால்கள், அதாவது கோளாறைச் சரிசெய்ய விற்ற வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைப்பது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள் எண்ணெய்ப் பாதையில் தங்கி, பேரிங்கைத் தின்று, எஞ்சினையே இறுக்கிவிடும் என்பதுதான் முதலில் கண்டுபிடித்த கோளாறு. “கொரியா வண்டி இப்படித்தான்” என்று பலர் சொன்னார்கள். சரி, 2024-ல் என்ன நடந்தது? டொயோட்டா தன் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்.எக்ஸ். வண்டிகளில் சுமார் 1,02,000-ஐ அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. காரணம், புதிய டர்போ வி6 எஞ்சினில் கடைசல் வேலையில் மிஞ்சிய துகள்கள் தங்கியிருக்கலாம் என்பது. உலகத்திலேயே தொழிற்சாலை ஒழுங்குக்குப் பேர்போன கம்பெனிக்கும், புது எஞ்சினில், அதே வகைக் கோளாறு வந்தது. நாட்டைவிட ‘புது எஞ்சின்’ என்ற விஷயத்துக்கு நான் அதிகம் பயப்படுவது இதனால்தான்.

சீனாவைப் பற்றிச் சுருக்கமாக. 2023-ல் ஜப்பானை முந்தி உலகிலேயே அதிகம் கார் ஏற்றுமதி செய்யும் நாடானது சீனா. ஷாங்காயில் தயாராகும் டெஸ்லாக்கள் ஐரோப்பாவில் ஓடுகின்றன. கோர்க்கும் தரத்தில் குறை சொல்ல முடியாத சீன வண்டிகள் இப்போது நிறைய. ஆனால் பத்து, பதினைந்து வருஷ நம்பகத்தைப் பத்து, பதினைந்து வருஷம் ஓடிய வண்டிதான் காட்ட முடியும். சீன பிராண்டுகளின் இப்போதைய மாடல்களுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. அதனால் அங்கே வாரண்டியின் நீளமும், உதிரிபாகம் கிடைப்பதும், கம்பெனி உங்கள் நாட்டில் நிலைத்து நிற்குமா என்பதும்தான் பார்க்க வேண்டியவை.

எல்லா நாட்டையும் பிடித்த ஒரு கோளாறு

தகாதா என்ற ஜப்பானியக் கம்பெனி ஏர்பேக் தயாரித்தது. ஏர்பேக்கை ஊதும் கருவியில் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் வருஷக் கணக்கில் பட்டுப்பட்டு அந்த வேதிப்பொருள் கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகள் பயணிகள் மேல் பாய்ந்தன. பலர் உயிரிழந்தார்கள். உலக அளவில் ஏறக்குறைய பத்துக் கோடி ஊதுகருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017-ல் தகாதா திவாலானது. பாதிக்கப்பட்டவை ஹோண்டாவும் டொயோட்டாவும் மட்டுமல்ல, பி.எம்.டபிள்யூவும் ஃபோர்டும் இன்னும் பல பிராண்டுகளும்தான். “ஜெர்மன் வண்டி பாதுகாப்பு” என்று நம்பி வாங்கியவரின் ஸ்டீயரிங்கிலும் அதே கருவி இருந்திருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் ஓடிய பழைய வண்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே வண்டி, ஒரே பாகம், ஓடிய தட்பவெப்பம் மட்டும் வேறு.

கணக்கெடுப்புகளை எப்படிப் படிப்பது?

பட்டியல் ஒன்றைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்த வயது வண்டியை, எதை வைத்து அளந்தார்கள் என்பது. ஜே.டி. பவரின் ஒரு கணக்கெடுப்பு வாங்கி 90 நாட்களில் வரும் குறைகளை எண்ணுகிறது, இன்னொன்று மூன்று வருஷம் ஆன வண்டிகளைப் பார்க்கிறது. இரண்டிலும் நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று கணக்கு. எஞ்சின் உடைந்தாலும் ஒரு குறை, திரை ஃபோனோடு இணையவில்லை என்றாலும் ஒரு குறை. அண்மை ஆண்டுகளில் குறைகளில் பெரும்பங்கு இந்தத் திரை சம்பந்தப்பட்டவைதான்.

ஜெர்மனியின் டூஃப் அறிக்கை கட்டாயப் பரிசோதனையின் முடிவுகளிலிருந்து தயாராகிறது. விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் குலுக்குகிறதா, ஜன்னல் மோட்டார் வேலை செய்கிறதா என்பது அதில் வராது. 2024-ம் ஆண்டுக்கான அறிக்கையில் புது வண்டிகளின் பிரிவில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடத்துக்குப் போனது. மோட்டாரோ பேட்டரியோ கெட்டதால் அல்ல, விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன் குறைகளால். ஒழுங்காக சர்வீஸுக்குப் போகும் வண்டிகளில் இவற்றைப் பரிசோதனைக்கு முன்பே சரிசெய்துவிடுவார்கள்.

அதே நாட்டின் ஏ.டி.ஏ.சி. என்ற கார் ஓட்டுநர்கள் சங்கம் நடுவழியில் நின்ற வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. அதில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கக் காரணம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி! அதன் வயதைக் கவனித்து மாற்றுவது வண்டி எந்த நாட்டுடையது என்பதைவிட உங்கள் கையில்தான் இருக்கிறது.

வாங்கும்போது என்ன செய்யலாம்?

பிராண்டிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கே நிற்காதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் சரியான வகைப் பெயரைத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே மாடலில் ஒரு எஞ்சின் இருபது வருஷம் உழைக்கும், இன்னொன்று டைமிங் செயின் தளர்ந்து எண்பதாயிரம் கிலோமீட்டரில் செலவு வைக்கும். ஒரு மாடல் புதிதாக வந்த முதல் வருஷத்தில் வாங்குவதை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இரண்டு, மூன்று வருஷம் ஓடிய வடிவமைப்பில் ஆரம்பக் கோளாறுகள் பெரும்பாலும் வெளியே வந்து சரியாகியிருக்கும். புதுத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். மெர்சிடிஸ் அலபாமாவில் புதிதாகத் தொடங்கிய ஆலையிலிருந்து 1997-ல் வந்த எம்-கிளாஸ், முதல் சில வருஷம் கோர்ப்புக் குறைகளுக்காக நிறையத் திட்டு வாங்கியது.

அப்புறம், அந்த வண்டி உங்கள் பகுதியில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். கோளாறே வராத கார் கிடையாது. வந்தால் பாகம் மறுநாள் கிடைக்குமா, கடல் கடந்து வர ஒரு மாதம் ஆகுமா, அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருக்கிறாரா என்பவைதான் உங்கள் அன்றாட வாழ்க்கையில் நம்பகமாகத் தெரியும். சுமாரான வண்டிக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தால், அருமையான வண்டிக்கு யாருமே இல்லாததைவிட மேல்.

பழைய வண்டி என்றால் வின் எண்ணைக் கம்பெனியின் தளத்திலோ அரசுத் தளத்திலோ போட்டு, செய்யாமல் விட்ட ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் இதற்குக் காசு கிடையாது, ரீகால் வேலையையும் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருவார்கள். சர்வீஸ் பில்களை வாங்கித் தேதி வரிசையில் அடுக்குங்கள். எண்ணெய் மாற்றிய இடைவெளி எவ்வளவு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயை எப்போதாவது மாற்றினார்களா, கூலண்ட் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டரையும் ஒப்பிடுங்கள். தேதி முன்னே போக, கிலோமீட்டர் பின்னே வந்திருந்தால் ஓடோமீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அந்த வண்டி எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் வேண்டாம்.